நிலாவில் மணி அடித்தால்

மாப்பிள்ளை குடிப்பார், நிலையான வேலை இல்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்று காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லி, வந்த சம்பந்தத்தைத் தட்டிக் கழித்திருக்கிறார்கள். ஆபத்து மணி அடித்தால் மாப்பிள்ளைக்குக் கேட்காது என்று சொல்லித் தட்டிக் கழித்தவர் தணிகாசலம் ஒருவர்தான்.

மணி இருந்தது வீட்டில் அல்ல, விண்கலத்தில். விண்கலம் அப்போது பாதிதான் முடிந்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டிருந்தவனே அந்த மாப்பிள்ளைதான். இதையெல்லாம் சேர்த்து யோசித்தால் அப்பாவுக்குக் கொஞ்சமாவது சிரிப்பு வரும் என்று காந்தா காத்திருந்தாள். வரவில்லை.

தணிகாசலம் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் அன்னம், யாளி, மாங்காய் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அந்த அட்டை தறியின் தலைமேல் ஏறி உட்கார்ந்தால் கீழே சேலையில் அன்னம் நடக்கும். காந்தா பி.யு.சி. முடித்துவிட்டு அவருக்குக் கட்டம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஆடியில், மனிதன் நிலாவில் இறங்கிவிட்டான் என்று நெசவாளர் சொசைட்டி ரேடியோவில் கேட்டுவிட்டு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சேலைக் கரைக்கு ராக்கெட் வரைந்தார். வரிசையாக, மூக்கு மேலே பார்த்தபடி. சேலை நெய்யப்பட்டுக் கடைக்குப் போனது. கோபுரக் கரை அம்சமாக வந்திருக்கிறது என்று ஒரு கல்யாண வீட்டார் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். அது கோபுரம் இல்லை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. தணிகாசலம் கொஞ்ச நாள் சோர்ந்திருந்தார்.

ஆகவே நெசவாளர் வாலிபர் மன்றம், இந்த வைகாசிக் கருட சேவைக்கு வரும் ஜனங்கள் பார்க்க ஏதாவது புதுமையாக வைக்கலாம் என்று பேச்செடுத்தபோது அவர் யாரையும் பேச விடவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் போகிற வீதியிலேயே ஒரு காலி மனை கிடைத்தது. அதில் ஜனங்கள் உள்ளே ஏறி உட்காரக்கூடிய விண்கலம். இரண்டு ஆசனம், வட்டக் கண்ணாடி ஜன்னல், தகரச் சுவர், சுவர் முழுக்க ஜிகினாத் தாள். கணக்குப் போடும் யந்திரத்துக்குப் பதிலாகத் தறி அட்டைகளைச் சரம் சரமாகத் தொங்கவிடுவது என்று அவரே முடிவு செய்தார். இரண்டும் துளை வைத்து நடக்கிற வேலைதானே என்றார். மர வேலைக்கு முருகேசன்.

முருகேசன் காந்தாவின் தாய்மாமன் மகன், முறைமாப்பிள்ளை. தறி நெய்வான், யார் வீட்டுத் தறியில் எது உடைந்தாலும் போய்ச் சரி செய்வான். ஏழு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்தான், காது போய்விட்டது. அந்த வீட்டில் அப்போது நான்கு தறி ஓடிக்கொண்டிருந்தது. தறி ஓடுகிற நேரத்தில் அங்கே ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. சோறு, தண்ணி, ஆள் வந்திருக்கிறார் எல்லாமே கையால்தான். அதனால் பையனுக்குக் காது கேட்கவில்லை என்பதே வீட்டாருக்குத் தெரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. தெரிந்த பிறகும் பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை. கைப்பேச்சைத் தறி நின்ற பிறகும் நிறுத்தாமல் வைத்துக்கொண்டார்கள். சின்ன வயதில் நாளெல்லாம் மாமன் வீட்டிலேயே கிடந்த காந்தா, எழுதப் படிக்கக் கற்பதற்கு முன் அதைக் கற்றுக்கொண்டாள்.

அவனைச் சாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. டெரிலின் சட்டைதான் போடுவான். காலர் கசங்கினால் அன்று யாரோடும் பேச மாட்டான். மன்றத்து ஆட்கள் ஒவ்வொருவரும் எப்படி நடப்பார்கள், எப்படி மூக்கைச் சிந்துவார்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரேயே செய்து காட்டுவான். வாயாலும் கொஞ்சம் பேசுவான். ஆனால் எத்தனை சத்தமாகப் பேசுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் நூலகத்தில் காந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மிகவும் ரகசியமாக, "நீ நல்லா இருக்கே" என்றான். நூலகத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்துத் தாங்களும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரி விஷயங்களை அவர்கள் கையாலேயே வைத்துக்கொண்டார்கள்.

பங்குனியில் முருகேசனின் அப்பா அம்மா தட்டோடு வந்தபோது தணிகாசலம் மரியாதையாகத்தான் பேசினார். பையன் தங்கம், சொந்தம் விட்டுப் போகாது, எல்லாம் சரி. ஆனால் ஓர் ஆபத்து என்றால்? மச்சான் எந்த ஆபத்தைச் சொல்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவர் விண்கலத்தின் வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்து, ஆபத்து மணி தொங்கும் இடத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். தட்டு திரும்பிப் போயிற்று.

அடுத்த மாதமே நிலாவுக்குக் கிளம்பிய அமெரிக்கக் கப்பல் ஒன்று பாதி வழியில் பழுதாகி, மூன்று பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். தணிகாசலத்துக்கு அதில் வருத்தம்தான். இருந்தாலும் தான் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஒரு தெம்பும் வந்துவிட்டது. தெரிந்த பிள்ளையார் கோயிலில் பழைய மணி ஒன்றை இரவல் வாங்கிவந்து விண்கலத்துக்குள் கட்டினார்.

காந்தாவுக்கு அவகாசம் அதிகம் இல்லை. அத்தை, அதாவது முருகேசனின் அம்மா, ரோஷக்காரி. கருட சேவை முடிந்ததும் தென்னேரிக்குப் போய் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வருவதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள். முருகேசன் தான் வரமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்; அவன் கையைக் கட்டிக்கொள்வது மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது மாதிரி. ஆனால் எத்தனை நாளைக்கு அப்படி இருக்க முடியும்?

அவள் அப்பாவின் வழியிலேயே போய்ப் பார்த்தாள். ஒரு நாள் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்ததைச் சொன்னாள். விண்வெளியில் மனிதனுக்குத் தலைசுற்றி வாந்தி வருமா என்று பார்க்க, அமெரிக்கர்கள் காது கேட்காத பத்துப் பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு பல வருஷம் சோதனை செய்திருக்கிறார்கள். சுற்றும் அறையில் வைத்துச் சுற்றினார்கள். கொந்தளிக்கும் கடலில் படகில் கொண்டுபோனார்கள். சோதிக்க வந்தவர்கள் எல்லாம் வாந்தி எடுத்தார்கள். காது கேட்காதவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சில காய்ச்சலில் காதோடு சேர்ந்து அந்தத் தலைசுற்றும் நரம்பும் போய்விடுமாம்.

இதை மறுக்க அவரால் முடியாது. மன்றத்து ஆட்களை உட்கார வைத்துச் சுற்றிப் பார்க்க அவரே ஒரு சுழல் முக்காலி செய்திருந்தார். மைக்செட் கடை சிட்டிபாபு அதிலிருந்து இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். முருகேசன் அதே முக்காலியில் வேர்க்கடலை தின்றுகொண்டு சுற்றினான். நிறுத்தியதும் இன்னும் கொஞ்சம் சுற்றச் சொன்னான்.

தணிகாசலம் ரசம் சாதத்தைப் பிசைந்தபடி யோசித்தார்.

"சுத்தி சுத்திப் பாத்தான். சரி. அப்பறம் அனுப்புனானா?"

பத்திரிகையில் அது இல்லை. அவர்களில் யாரையும் அனுப்பவில்லை என்றுதான் அவளுக்கும் தெரிந்திருந்தது.

"அனுப்பல இல்ல? அவனுக்கும் மணி இருக்குதும்மா."

"அவன் கப்பல்ல மணி மட்டும் இல்ல நைனா. சிவப்பு வௌக்கும் எரியும்."

"அவன் கிட்ட கரண்டு இருக்குது. நம்ப ஊர்ல சாயங்காலம் ஆனா பூடுது."

"நிலாவுல காத்தே கெடையாது. காத்து இல்லன்னா சத்தம் ஏது? அங்க எறங்கி நின்னு உங்க புள்ளையார் கோயில் மணிய அடிச்சா யாருக்குமே கேக்காது. உங்களுக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது."

"அதுக்குத்தான் ரேடியோ வெச்சிருக்கான்."

"ரேடியோ ரிப்பேராச்சுன்னா?"

"ரிப்பேர் பண்ணுவான்," என்றவர் மோர் ஊற்றச் சொன்னார்.

அதன் பிறகு விண்கலத்தை விட்டுக் கீழே இறங்கி, நிஜமான காரணத்துக்கு வந்தார். ராத்திரியில் குழந்தை அழுதால் அவனுக்கு எப்படித் தெரியும்?

மோர் ஊற்றிக்கொண்டிருந்தது காந்தாவின் அம்மா பட்டம்மாள். திருப்பி அனுப்பப்பட்டது அவளுடைய அண்ணன் மகன். பங்குனியிலிருந்து அவள் புருஷனைச் சாப்பிட வரச் சொல்வதோடு சரி; போதுமா, வேண்டுமா என்று கேட்பதில்லை. அந்தத் தெருவில் குழந்தையைத் தறிக்குப் பக்கத்தில் தூளியில் போட்டு, தூளிக் கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு நெய்வார்கள். குழந்தை உதைத்தால் விரல் இழுக்கும். காந்தாவும் அப்படி வளர்ந்தவள்தான்.

"கயிறு இழுத்தா காலுக்குத் தெரியும்," என்றாள் பட்டம்மாள். "காலுக்குக் காது வேணாம். இவ அழுதப்போ உங்களுக்குக் காது நல்லாத்தானே கேட்டுது? என்னிக்கு எழுந்தீங்க?"

தணிகாசலம் கை கழுவப் போய்விட்டார்.

அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை என்பது காந்தாவுக்குத் தெரியும். முருகேசனோடு பேசத் தெரியாமல் பயந்தார், அவ்வளவுதான். இருபது வருஷமாக அவனைப் பார்த்தும் அவருக்கு அந்தக் கைப்பேச்சில் தெரிந்தது ஒன்றே ஒன்று. வலது கையை நெற்றிக்கு மேலே தூக்கி, ஒரு சூரியனை முன்னால் உருட்டி விடுவதுபோல் வட்டம் போட்டு, வாசலைக் காட்டுவார். நாளைக்கு வா. அவன் தறிச் சாமான் கேட்டு வந்தாலும் அதுதான். தீபாவளிக்குக் கும்பிட வந்தாலும் அதுதான். விண்கலக் கதவு விஷயத்திலும் அதுவேதான் நடந்தது. உள்ளே புகுந்து பூட்டிக்கொண்டு பிள்ளைகள் இறங்க மறுக்கும் என்று கதவின் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மட்டும் வைக்கச் சொன்னார் தணிகாசலம். வெளியே வர விரும்புகிறவர்கள் மணி அடிக்க வேண்டும், வெளியே நிற்கிற ஆள் திறப்பான். முருகேசன் உள்ளேயும் ஒரு தாழ்ப்பாள் வைக்கலாம் என்று காட்டினான். அல்லது கூரையில் ஓட்டை போட்டு ஒரு சிவப்புக் கொடி, உள்ளே கயிற்றை இழுத்தால் மேலே எழும்பும். காந்தா அதை வாயால் சொன்னாள். விண்கலத்தில் கொடியா, தேரா என்ன என்றார் அவர். முருகேசன் மறுபடி ஆரம்பித்ததும் சூரியனை உருட்டி விட்டார்.

கருட சேவை அன்று இருட்டு பிரியும் முன்பே பெருமாள் கருடன்மேல் ஏறிக் கோயிலை விட்டுக் கிளம்பிவிட்டார். சுற்றுக் கிராமத்து ஜனம் முழுக்க வீதியில்தான் இருந்தது. பெருமாள் பெரிய காஞ்சிபுரம் போய்த் திரும்புவதற்குள் திறப்பு விழாவை முடித்துவிட வேண்டும் என்பது தணிகாசலத்தின் திட்டம். சொசைட்டி காரியதரிசி வேலாயுதம் வந்து, அவரும் தணிகாசலமும் முதல் பயணிகளாக உள்ளே அமர்வார்கள். கதவு சாத்தப்படும். காந்தா மைக்கில் விண்வெளிப் பயணத்தை விளக்குவாள். நிலாவில் இறங்கியதும் உள்ளிருந்து மணி அடிக்கும்; சிட்டிபாபு கதவைத் திறப்பான்; கைதட்டல்.

வேலாயுதம் சாவகாசமாக வந்தார். கனத்த உடம்பு, விண்கலத்துக்குள் அவரை ஏற்றுவதற்கே நேரம் பிடித்தது. வெயில் ஏறித் தகரம் சுட ஆரம்பித்திருந்தது. கதவு சாத்தி, சிட்டிபாபு தாழ்ப்பாளைப் போட்டு, காந்தா மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே, தாய்மார்களே, இப்போது நம் விண்கலம் பூமியை விட்டு" என்றபோது வீதி முனையில் குடை தெரிந்தது. பெருமாள் திரும்பிக்கொண்டிருந்தார்.

பூமியை விட்டு எங்கே போயிற்று என்பதை அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மேளம், நாதஸ்வரம், திருச்சின்னம், கோவிந்தா என்று ஆயிரம் வாய். சிட்டிபாபு தன் பங்குக்கு ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, தாழ்ப்பாளையும் தன்னையும் மறந்து, கையைத் தலைக்கு மேலே குவித்து வீதியைப் பார்த்துத் திரும்பினான். எல்லோரும் திரும்பினார்கள். விண்கலத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு ஊரே கும்பிட்டது. காந்தாவும் மைக்கை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். கருடன்மேல் பெருமாள் நெருங்கி வந்தார். அவளுக்கு வேண்டிக்கொள்ள ஒன்றுதான் இருந்தது. சீக்கிரம் வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

முருகேசனுக்குக் கூட்டம் விண்கலத்தின்மேல் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. புது டெரிலின் சட்டையோடு, தகரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கையைக் குவித்து நின்றான். திடீரென்று அவன் தோளைக் குலுக்கினான். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தான். உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். தகரம் துடித்துக்கொண்டிருந்தது.

அவன் வட்ட ஜன்னலுக்குப் போனான். காந்தா நின்ற மேடையிலிருந்தும் ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. கண்ணாடிக்குள் தணிகாசலத்தின் முகம், எண்ணெயில் முக்கி எடுத்தது மாதிரி. ஒரு கையால் மணிக் கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். மணியின் நாக்கு இங்கும் அங்கும் ஆடுவது தெரிந்தது. அடித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் வேலாயுதம் தறி அட்டைச் சரத்தைப் பிடித்துக்கொண்டு கண் மூடியிருந்தார்.

முருகேசனைப் பார்த்ததும் தணிகாசலத்தின் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. வாய் பெரிதாக அசைந்தது. அது கண்ணாடியில் வெறும் ஆவியாகப் படிந்தது. பிறகு அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கையை நெற்றிக்கு மேலே தூக்கி, சூரியனை முன்னால் உருட்டி, கதவைக் காட்டினார்.

நாளைக்கு வா.

முருகேசன் அவரைப் பார்த்தான். கூட்டத்தின் தலைக்கு மேலே காந்தாவைத் தேடிப் பிடித்தான். ஊர் மொத்தமும் கையைத் தூக்கியிருந்த அந்த நேரத்தில் இன்னும் இரண்டு கை அசைந்ததை யாரும் கவனிக்கவில்லை. உங்கள் நைனா நாளைக்கு வரச் சொல்கிறார், போகட்டுமா என்று கேட்டான்.

அவன் முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை. அதனால்தான் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று காந்தாவுக்குத் தெரிந்தது. விளையாடாதே, திற என்றாள். திறக்கிறேன், ஆனால் அவர் கேட்கட்டும், நான் அவரிடம் பேசி இருபது வருஷம் ஆகிறது என்றான். வேலாயுதம் மயக்கமாகிவிட்டாரா பார் என்றாள். இல்லை, விபூதி பூசிக்கொள்கிறார் என்றான். சீக்கிரம் என்றாள் அவள்.

கண்ணாடிக்குள் தணிகாசலத்தின் கண் இவன் கையிலிருந்து அவள் கைக்கும், அவள் கையிலிருந்து இவன் கைக்கும் போய்ப் போய் வந்தது. மணிக் கயிற்றை விட்டுவிட்டார்.

முருகேசன் அவர் பக்கம் திரும்பி, நிதானமாக, சின்னக் குழந்தைக்குச் செய்வதுபோல் பெரிது பெரிதாகக் கேட்டான். முதலில் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனான்: தண்ணீரா? தணிகாசலம் தலையாட்டி மறுத்தார். பிறகு ஆமாம் என்றும் ஆட்டினார். விசிறி? ஆமாம், ஆமாம். உள்ளே இருக்கிறவருக்கு ஒன்றுக்குப் போக வேண்டுமா? தணிகாசலம் திரும்பி வேலாயுதத்தைக் கேட்டார். திரும்பி வந்து, ஆமாம் என்றார். அவரும் அவனும் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. கடைசியில் தணிகாசலம் தானாகவே ஒரு காரியம் செய்தார். இடது உள்ளங்கையைக் கதவுபோல் நிறுத்தி, வலது கையால் அதைத் தள்ளித் திறந்தார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சரியாக இருந்தது.

முருகேசன் உடனே போய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.

பெருமாள் கடந்து போய், கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியபோது பயணிகள் இருவரும் விண்கலத்தின் வாசலில் நின்றார்கள். வேலாயுதத்தை முருகேசன் தோளில் தாங்கிப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். டெரிலின் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது, அவன் அதைக்கூடப் பார்க்கவில்லை. நிலாவில் மனிதன் இறங்கிவிட்டான் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். நிலா எப்படி இருந்தது என்று சிட்டிபாபு காரியதரிசியைப் பின்னால் போய்க் கேட்டான். சூடாக இருக்கிறது என்று அவர் பதில் சொன்னார்.

தணிகாசலம் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, காந்தா கொடுத்த கோலி சோடாவைக் குடித்தார். பாதி பாட்டில் காலியானதும் கேட்டார்.

"அவன் கிட்ட இன்னா சொன்ன?"

"தொறக்கச் சொன்னேன்."

"அதுக்கு இத்தினி நேரமா? ரெண்டு பேரும் ரொம்பப் பேசிக்கினு இருந்தீங்களே."

"எப்பவும் பேசறதுதான் நைனா. இன்னிக்குத்தான் நீங்க பாத்தீங்க."

அவர் பாட்டிலுக்குள் இருந்த கோலியை ஆட்டிப் பார்த்தார். "நான் மணி அடிச்சேன்மா. விடாம அடிச்சேன். ஊர்ல இருக்கறவன் எவனுக்கும் கேக்கல. எனக்கே கேக்கல."

அன்றைக்கே நான் சொன்னேனே என்று காந்தா சொல்லியிருக்கலாம், வெயிலில் அவர் முகம் சிவந்து கிடந்தது, மனசு வரவில்லை.

மறுநாள் காலை தணிகாசலம் வரைபடத்தை விரித்து ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வந்தது. கூரையில் சிவப்புக் கொடி வந்தது. மணிக்குப் பக்கத்தில் விளக்கு; கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து, ஆசனத்திலிருந்து ஆசனத்துக்கு ஒரு கயிறு வரைந்தார், ஒருவர் இழுத்தால் மற்றவர் காலில் தெரிகிற மாதிரி. ஏறுகிற இடத்தில் படியை எடுத்துவிட்டுச் சரிவுப் பலகை போட்டார், அது வேலாயுதத்துக்காக. இவ்வளவும் வந்த பிறகு உள்ளே யாரை உட்கார வைத்தாலும் கவலையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பட்டம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். இரண்டு ஆசனத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு தூளி தொங்கியது. இது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாக, சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

காந்தா கட்டத்தாளுக்குக் குனிந்திருந்தாள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கு நீ ஒண்ணு சொன்னியே. அமெரிக்காகாரன் காது கேக்காதவங்கள சுத்திப் பாத்தான், அனுப்பலன்னு."

"நான் சொல்லல. நீங்கதான் கேட்டீங்க."

"யாரோ. அவங்க மேல தப்பு இல்லமா. அவன் கப்பல சரியாக் கட்டல."

காந்தா தலையைத் தூக்கவில்லை. கட்டம் நிரப்பிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கட்டம் தள்ளி மை வைத்துவிட்டாள். அதைச் சரி செய்யவும் இல்லை.

அவர் வேறெதையோ தேடுகிறவர்போல், உள்ளே வா என்பதற்குக் கையில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அவள் காட்டினாள். அவர் இரண்டு முறை தப்பாகச் செய்தார். பழக்கத்தில் சூரியன் உருண்டு உருண்டு வந்தது. கண்ணாடி முன்னால் போய் நின்று செய்து பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தானும் வரவா என்று அவள் கேட்டாள். வேண்டாம், நீ வந்தால் நீங்கள் இரண்டு பேருமே பேசிக்கொள்வீர்கள் என்றார்.

மாமன் வீடு எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளித்தான். காந்தா ஜன்னலில் நின்று பார்த்தாள். அத்தை வாசலில் பாவு நூலுக்குப் போடக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவள், வருகிற ஆளைப் பார்த்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முருகேசன் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தான். தணிகாசலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு இரண்டு கையையும் நீட்டி, நெஞ்சை நோக்கி இழுத்து, தன் வீட்டைக் காட்டினார்.

உள்ளே வா.

கொஞ்சம் பெரிதாகத்தான் செய்தார். தெருவில் போன ஒரு மாடு ஒதுங்கியது. ஆனால் தப்பில்லை.

முருகேசன் காலரைச் சரி செய்தான். அடுப்பருகே இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் எப்போது எழுந்து நின்றாள், கண்ணை எப்போது துடைத்தாள் என்று காந்தாவுக்குத் தெரியவில்லை. அம்மாவும் பிள்ளையும் கையால் ஏதோ பேசிக்கொண்டார்கள். பழம், பூ, தட்டு என்பது மட்டும் இங்கிருந்தே தெரிந்தது.

பிறகு அவன் தணிகாசலத்தின் பக்கம் திரும்பி, கையை நெற்றிக்கு மேலே தூக்கி, மிகவும் மரியாதையாக, ஒரு சூரியனை முன்னால் உருட்டி விட்டான்.

தணிகாசலத்துக்கு அது நன்றாகப் புரிந்தது. தலையாட்டிவிட்டு, நாளைக்கு என்ன பலகாரம் செய்வது என்று கேட்கப் பட்டம்மாளிடம் வேகமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.